எங்கள் என்ஜினின் விக்கல்

ஜன. 2, வெள்ளி

பனி. எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. கருவாடு காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

விடிகாலையில் முகத்துவாரத்தில் தகரம் தட்டியதில் தோள்பட்டை வலி. மணல்திட்டு வாரத்துக்கு வாரம் இடம் மாறுகிறது, போன் மேப் எல்லாம் குப்பை. பனி நாளில் படகு கடலிலிருந்து ஏரிக்குள் வர ஒரே வழி, வீட்டு ஆள் ஆழமான பக்கம் நின்று தகரம் தட்டுவது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் நம் படகுதான் என்று தெரிந்த பிறகே தட்ட வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு. எங்களுக்குத் தெற்கு வழி, வடகரைக்காரர்களுக்கு வடக்கு வழி. அவர்கள் எங்கள் தகரத்தைக் கேட்டு நேராக வந்தால் நடுவில் திட்டு. போன வருஷம் ஒருத்தி அவசரப்பட்டுத் தட்டி, அவர்கள் படகு திட்டில் ஏறி, பெரிய ரகளை.

எனக்கு அந்தக் குழப்பம் வந்ததில்லை. எங்கள் என்ஜினுக்கு ஒரு விக்கல் உண்டு. வேகத்தில் தெரியாது. மெதுவாக வரும்போது நடுவில் ஒரு தடவை விக்கிவிட்டு ஓடும். அடுப்படியில் இருந்தாலும் தெரியும். உடனே உலை வைப்பேன்.

இப்போது அதற்கு மேல் இன்னொரு சத்தம். தீபாவளிக்கு அப்புறம் வந்தது. மாவு மில் மாதிரி உறுமல். கரையில் இருக்கும் எனக்குக் கேட்கிறது, பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை. என்ஜினே தின்ற காது. "நைனாவுக்கு அந்தக் காது அவுட்டும்மா. இந்தப் பக்கம் வந்து கத்து" என்கிறாள் பாப்பா.

கத்தினேன்.

"இன்னா சத்தம்? நீ போடுற சத்தம்தான் பெருசா கீது."

கொழுந்தன் கோபிதான் படகில் கூடப் போகிறவன். அவனுக்கும் கேட்கிறதாம். அண்ணன் எதிரில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

ஜன. 3, சனி

வெயில். பழவேற்காடு பஜார், சலீம் பாய் ஷெட். என்ஜினைக் கழற்றிக் கொண்டுபோகச் சொல்லி நேற்று ராத்திரி சாப்பாடு போடாமல் சண்டை. போனார்கள். நானும் கூடவே. இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

பாய் பின்னாலிருக்கும் விசிறியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டினார். உறுமலே இல்லை. மானம் போயிற்று.

"பூனைக்குட்டி மாதிரி கீதே தங்கச்சி. இன்னா கொறை?"

"டிரம்முல மீன் புடிக்கப் போறதில்ல பாய். கடல்ல ஓட்டுனாதான் தெரியும்."

இவர் சிரித்தார். ஷெட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்துவாரத்தில் அலை பின்னாலிருந்து தூக்கும்போது என்ஜின் ஒரு நொடி நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. நாளைக்குக் குப்பத்துக்கு வருகிறேன் என்றார் பாய்.

ஜன. 4, ஞாயிறு

பாய் வந்தார். மீன் குழம்பு வைத்தேன், புளி தூக்கல்.

ஏரியில் நாலு பேரும். நானும் ஏறினேன். மெதுவாக ஓட்டும்போது உறுமல், திருப்பும்போது இன்னும் அதிகம். பாய் ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். தலைப் பக்கம் சுத்தம். கீழே, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்ததும் முகம் மாறியது. என் கையில் கொடுத்தார். கேட்டேன். உள்ளே யாரோ கல் மெல்லுகிற மாதிரி.

கரைக்கு வந்து கியர் ஆயிலை வடித்தோம். பால் டீ நிறம். தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் தேய்த்துக் காட்டினார், ஜிகினா மாதிரி இரும்புத் தூள். விசிறியைக் கழற்றினால் பின்னால் தண்டில் நீல நைலான் நூல், சுற்றிச் சுற்றி இறுகிப்போய். எங்கள் வலை நூலேதான். அதுதான் தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தை அறுத்திருக்கிறது.

"பேரிங் போயிட்ச்சி. இன்னும் ரெண்டு கடல் போயிருந்தா கியர் பல்லு ஒடஞ்சி நடு மொகத்துவாரத்துல நின்னுருக்கும் தேவராஜு. உன் பொண்டாட்டி காதுக்குத் தங்கத்துல தோடு வாங்கிப் போடு."

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் மட்டும், "நல்ல காதுதான் உனுக்கு" என்றார். போதும். ரொம்ப சந்தோஷம்.

ஜன. 8, வியாழன்

பொன்னேரிக்கு. பாப்பாவுக்குப் பொங்கல் துணி, பச்சரிசி, வெல்லம். திரும்பி வந்தால் பாய் ஷெட்டிலிருந்து என்ஜின் வந்து, மாட்டி, ஏரியில் ஓட்டியும் பார்த்தாயிற்று. எனக்காக யாரும் காத்திருக்கவில்லை.

புது என்ஜின் வாங்கினால் மஞ்சள் குங்குமம் வைத்து, துறைக்கு எதிரே மெதுவாக மூன்று சுற்று ஓட்டுவார்கள், வீட்டுப் பொம்பளைகள் காது பழகட்டும் என்று. எனக்கும் ஓட்டிக் காட்டுங்கள் என்றேன்.

"புதுசா இன்னா? அதே பழைய சனியன்தான். உறுமல் போயிட்ச்சி, அவ்ளோதான். எண்ணெய வேஸ்ட் பண்ண சொல்றியா?"

சரி என்று விட்டுவிட்டேன். தலைவலி வேறு.

ஜன. 11, ஞாயிறு

வியாழக்கிழமையிலிருந்து வாடைக்காற்று, யாரும் கடலுக்குப் போகவில்லை. இன்று அடங்கியது. பொங்கலுக்கு முன்னால் ஒரு கடல் பார்த்துவிட வேண்டும் என்று சாயங்காலமே கிளம்பினார்கள். வேகமாகப் போனார்கள். உறுமல் கொஞ்சமும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"இனிமே உன் தொல்லை இல்ல" என்று போகும்போது கத்தினார். "பொறுக்கி" என்று நானும் கத்தினேன். காதில் விழுந்திருக்காது.

ஜன. 12, திங்கள்

கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பனி, வெறும் வெள்ளை. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. மற்றவர்கள் தட்டி, படகு வந்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும். கோபி போன் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போடுகிற பழக்கமே கிடையாது அவனுக்கு.

ஒரு என்ஜின். எழுந்து நின்று கேட்டேன். மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனால் விக்கல் இல்லை. ஒரே சீராக, வழுவழுவென்று. வடகரைப் படகு.

இன்னும் அங்கேயே சுற்றுகிறது. பாவம். அவன் வீட்டுப் பொம்பளை எங்கே செத்தாள்? இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாளோ. தகரத்தைக் கையில் எடுத்தேன். நான் தட்டி அவன் திட்டில் ஏறினால் பழி எனக்கு. கீழே வைத்துவிட்டேன்.

சத்தம் நின்றுவிட்டது. போய்விட்டான் போல. இவர்களை இன்னும் காணோம்.

ஜன. 13, செவ்வாய்

நேற்று மத்தியானம் கிடைத்தார். திட்டுக்குத் தெற்கே.

ஜன. 16, வெள்ளி

பாப்பா சாப்பிடவில்லை. பொங்கல் துணி கவரோடு அப்படியே.

கோபி ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தவன். இன்றுதான் வாய் திறந்தான். வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான், நான் உள்ளே படுத்திருந்தேன்.

"தகரம் கேக்கட்டும்னு வெளியவே சுத்திக்கினு இருந்தோம். எண்ணெ தீந்துக்கினே வந்துது. 'எனுக்குத்தான் கேக்கல, உனுக்குமாடா கேக்கல?'ன்னு அண்ணன் கேட்டுக்கினே இருந்தாரு. அப்பறம் அவரே குத்துமதிப்பா வுட்டாரு. ஏறிட்ச்சி."

"அலை இரைச்சல்ல அவளுக்குக் கேட்டிருக்காது" என்றாள் ஒருத்தி. எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜன. 29, வியாழன்

காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். பால் திரிந்துவிட்டது.

கடலில் கிடந்த என்ஜினைச் சலீம் பாய் எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்தார். கூலி வாங்க மாட்டேன் என்று அழுதார். விக்கல் எங்கே போனது பாய் என்று கேட்டேன்.

"போன தடவையே பிளக்கு மாத்தி, கார்பரேட்டரும் கழுவி வுட்டேனே தங்கச்சி. கையோட கையா செஞ்சேன். தேவராஜு சொல்லல?"

சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. விக்கல் இருந்ததும் அந்தக் காதுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும் அது. ஐயோ.

ஜன. 31, சனி

லேசான பனி. நாளையிலிருந்து கோபி கடலுக்குப் போகிறான், கடன் வாங்கிய படகில், இதே என்ஜினோடு. போகாமல் முடியாது.

துறைக்கு எதிரே மெதுவாக ஓட்டச் சொன்னேன். மூன்று சுற்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரே சீராக, வழுவழுவென்று. அதேதான்.

கோபி கரை ஒதுக்கி, "கேட்டுச்சா அண்ணி?" என்றான்.

"கேட்டுச்சு."

"இனிமே மறக்காது இல்ல?"

"அன்னிக்கும் கேட்டுச்சிடா கோபி."