கூரை சம்பாதித்தது

நிகோராவின் அப்பாவுக்கு,

நான் மார்கிலானில் இருக்கிற தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். புலாவ் சட்டியில் மூடி வைத்திருக்கிறேன்.

சோலாரில் நாம் விற்கிற கரண்ட்டை மீட்டர் திருடுகிறது என்று மின் அலுவலகத்தில் கத்திவிட்டு வந்தீர்களே, சோதிக்க மதியம் ஆள் வருகிறாராம். அவர் கூரைமேல் ஏறுமுன் நீங்கள் ஏறுங்கள்.

கூரை முழுக்கச் சோலார் பலகையை அடைத்துவிட்டு, "இனி கூரை சம்பாதிக்கும், நாம உக்காந்து சாப்பிடலாம்"னு தெருவெல்லாம் பெருமையடித்தீர்கள். வருஷா வருஷம் ஆப்ரிகாட் காயவைக்கிற இடமாச்சே, இனி எங்கே காயவைப்பது என்று கேட்டதற்கு, "எங்கயாச்சும் கொட்டித் தொலை"ன்னீர்கள். பலகை மேலேயே கொட்டினேன். இந்தப் பத்து நாளில் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருந்தால் சொல்லியிருப்பேன்.

பி.கு. வருகிறவருக்கு ஒரு தட்டு ஆப்ரிகாட் வையுங்கள். கூரை இதுவரை சம்பாதித்தது அதுதான். நல்ல இனிப்பு.