தூரின் போனவனின் சீட்டு

மார்ச் 15, 1910, செவ்வாய்

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், நோட்டே. வேறு வேளை ஏது? சுரங்கத்தில் மூன்று ஷிஃப்ட் வைத்ததிலிருந்து என் கணவன் ரால்ஃப் ஒரு நேரம், அவன் தம்பி ஒரு நேரம் என்று யாராவது கரி அப்பிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். வெந்நீர் அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. குழந்தை எல்சிக்கு இருமல் வேறு. டர்ஹாம் கல்லூரியில் படித்தது இதற்குத்தான்.

எங்கள் ஊர்க் கால்பந்து அணியை இத்தாலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தூரின் நகரில் ஈஸ்டருக்குக் கோப்பை ஆட்டம். சுவிஸ்காரர்களும் இத்தாலியர்களும் வருகிறார்களாம். ரால்ஃப்தான் கோல் காக்கும் கோலி. அணிச் செயலர் டோட்ஸ்தான் சுரங்கச் சங்கத்துக்கும் செயலர். வாசலில் நின்று சொன்னார்:

"இங்கிலாந்துக்கே பெருமை, மிசஸ் ராப்சன்."

"போற நாளுக்குக் கூலி?"

"கூலி குடுத்தா காசுக்கு ஆடுறவன் ஆயிடுவான்மா. நம்ம பசங்க அமெச்சூர்."

அமெச்சூர். வேலைக்குப் போகாமலே சாப்பிடுகிறவன் கண்டுபிடித்த சொல்.

மார்ச் 20, ஞாயிறு

சண்டை. சேப்பலிலிருந்து வந்ததும் ஆரம்பித்தது. ஈஸ்டர் ஞாயிறன்று பந்தாடுவதை அந்த ஆண்டவரே மன்னிக்கட்டும், எனக்குக் கவலை அதுவல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் சீட்டு முப்பதாம் தேதி வருகிறது. தொப்பிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் எந்த இடம் இருக்கிறதோ அங்கேதான் அடுத்த மூன்று மாதம் வெட்ட வேண்டும். ஆள் வராவிட்டால் கடைசியில் மிஞ்சுவது அவன் தலையில். மிஞ்சுவது, எப்படியோ, எப்போதும் கிழக்கு மூலைதான். தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்து வெட்டுகிற இடம். போன குளிர்காலத்தில் ரால்ஃபுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைத்தது பெரும்பாடு. இனி ஈரத்தில் விடாதே என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

"புதன் காலையிலயே வந்துடுவேன், ஹெஸ்டர். வராட்டி நெட் எடுப்பான்." நெட் அவனுடைய ஜோடி, ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வெட்டுகிறவர்கள்.

"நெட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அவனுக்கு என்ன ஆகும்? எருமை மாதிரி இருக்கான்."

மார்ச் 23

போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் எடுத்துப் போய்விட்டான். நான் கையசைக்கவில்லை.

மார்ச் 29

கடைவாசலில் டோட்ஸ் தந்தி ஒட்டியிருக்கிறார்: முதல் ஆட்டம் ஜெயம், இறுதி ஆட்டம் திங்களன்று. திங்கள் என்றால் நேற்று. நேற்று அங்கே ஆடியவன் நாளைக் காலை இங்கே எங்கே வருவது? அந்த எருமைக்கோ விஷக்காய்ச்சல். ஆளையே அடையாளம் தெரியவில்லை என்கிறாள் அவன் மனைவி.

மார்ச் 30

கோபம் இன்னும் ஆறவில்லை.

யாராவது எடுத்துக்கொடுங்கள் என்று தெருவெல்லாம் கேட்டேன். அவன் தம்பி உட்பட எல்லாரும் மாட்டேன் என்றார்கள். அடுத்தவன் சீட்டைத் தொட்டால் தன் ராசி போய்விடுமாம். சரி, நானே போகிறேன் என்று எல்சியைச் சால்வையில் கட்டிக்கொண்டு சங்கக் கூடத்துக்குள் நுழைந்தேன். வாசலில் ஒருவன் மறித்தான்.

"இந்தாம்மா, வெளியில நில்லு. பொம்பள நிழல் பட்டா சுரங்கத்துல கூரை விழும்."

"கூரை விழுந்தா வெளிய இழுத்துப் போட்ட பொணத்த யார் கழுவுறது? அப்ப மட்டும் எங்க நிழல் ஆகுமா?"

யாரோ ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தொப்பிக்குள் கைவிட்டு எடுத்துவிட்டேன். மேற்கு ஏழு! காய்ந்த இடம், கனத்த நிலக்கரி. டோட்ஸ் என் விரலைப் பிரித்துச் சீட்டை வாங்கித் திரும்பத் தொப்பியில் போட்டார்.

"வேலை செய்யுற ஆளோ அவன் ஜோடியோ எடுத்தாத்தான் செல்லும். விதி, மிசஸ் ராப்சன்."

மேற்கு ஏழு அவர் மருமகனுக்குப் போனது. எங்களுக்குக் கிழக்கு மூலை. விதியாம், விதி.

ஏப்ரல் 1

ரால்ஃபின் தபால் அட்டை. படத்தில் பனிமலை. "கோப்பை நமக்கே! இடப்பக்கம் தடுத்தாடும் நம் ஜோவுக்கு வயிற்றுப்போக்கு. இங்கே நூல் ஆலையில் வேலை பார்க்கும் மான்செஸ்டர்காரன் ஒருவன் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷர்கள்."

மூன்று தடவை படித்தேன். முன்பின் தெரியாதவன் ஜோவுக்காக ஆடலாம். நான் என் புருஷனுக்காக ஒரு துண்டுக் காகிதம் எடுக்கக்கூடாது.

ஏப்ரல் 2

பேண்டு வாத்தியம். ரால்ஃபைத் தோளில் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்களில் பாதிப்பேர் அன்று கூடத்தில் இருந்தவர்கள். நான் கதவைத் திறக்கவில்லை. பின்வாசல் வழியாக வந்தான். மெடலை மேசையில் வைத்தான். அதன் பக்கத்தில் அவனுடைய சுரங்க உடுப்பை வைத்தேன்.

"எந்த இடம்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான். பிறகு பேண்டு நிற்கும் இடத்துக்கே போய், "என் பொண்டாட்டி எடுத்தது என் சீட்டு" என்று டோட்ஸிடம் சொன்னானாம். ஊர் சிரித்ததாம். "கிறுக்கு ராப்சன், வெயில் பட்டு மூளை உருகிடுச்சு."

மே 9

உடுப்பைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர். எல்சிக்கு இருமல் நின்றது, அவனுக்கு ஆரம்பித்துவிட்டது. பந்தாடும் பூட்ஸ் ஆணியில் தொங்குகிறது. சங்கம் அந்தச் சீட்டை ஒப்புக்கொள்ளும் வரை ஆடமாட்டானாம். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

ஜூன் 24, வெள்ளி

ரால்ஃப் எழுந்து உட்கார்கிறான், கஞ்சி குடிக்கிறான். மூன்று வாரமாகப் படுக்கை. இன்னொரு கிழக்கு மூலையை இந்த நெஞ்சு தாங்காது.

இன்று டோட்ஸ் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. பின்னால் நாலு பேர்.

"மேற்கு ஏழுல பொன்னா கொட்டுச்சும்மா. எம் மருமகன் பியானோ வாங்கிட்டான். உங்க கை ராசியான கைன்னு எல்லாரும் சொல்றாங்க. புதன்கிழமை அடுத்த சீட்டு, வந்து எங்களுக்கும் எடுத்துக் குடுக்கணும். அப்புறம்... தூரின்ல இருந்து மறுபடி கூப்பிட்டிருக்காங்க. கோலி இல்லாம எப்படிப் போறது?"

உள்ளேயிருந்து ரால்ஃப் இருமினான். சிரிப்பை அடக்கத்தான்.

வாயால் சொன்னால் மறந்துபோவார்கள் என்று எழுதியே கொடுத்தேன். அதன் நகல் இங்கே:

"சங்கச் செயலருக்கு. மார்ச் மாதம் நான் எடுத்த சீட்டு செல்லும் என்று உங்கள் பதிவில் எழுதுங்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு மனைவி எடுக்கலாம் என்றும் எழுதுங்கள். பிறகு என் கணவருக்கு நானே எடுப்பேன். உங்கள் சீட்டை உங்கள் வீட்டுப் பெண்கள் எடுக்கட்டும். தூரின் பற்றி அதற்கப்புறம் பேசலாம். புதன்கிழமைக்குள் பதில் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்."