தோரஷ் என்றால் வியாகுலம்

செப். 11, வியாழன்
காலையிலிருந்து மழை. மவுண்ட் ரோஸ்கில்லில் பஸ் பிந்தியது. கிளென்ஃபீல்ட் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் பத்து நிமிடம் லேட், பேச்சு வாங்கினேன். ஏழாம் அறைக்குப் புது ஆள். போர்த்துக்கல் அம்மா, வயது 86. ஆங்கிலம் மறந்துவிட்டதாம். பெயர் தோரஷ். வேலைக்காரர் எல்லோரும் டோரா என்கிறார்கள், அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

வாங்க: பருப்பு, பல்பு, கால்வலித் தைலம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன், நகரின் வடக்கே ஆல்பனியில் இருக்கும் மகன் போன். இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் பெயரை மாற்றும் படிவம் அனுப்பியிருக்கிறான். "வியாகுலமேரி இங்க ஆருக்கும் வாயில வராது அம்மா. மேரி எண்டே இருக்கட்டும். சைன் மட்டும் பண்ணுங்கோ." ஓம் என்றேன். இங்கே வந்த ஒன்பது வருடமாக மேரிதானே. வியாகுலம் என்று கூப்பிட என் மனுசன் இல்லை, மன்னாரில் சேமக்காலையில் அடக்கம்.

செப். 12, வெள்ளி
மழை இல்லை. குளிர். தோரஷின் மகள் வந்திருந்தாள். பெயருக்கு அர்த்தம் கேட்டேன். துக்கங்கள் என்றாள். முழுப்பெயர் மரியா தஷ் தோரஷ், வியாகுல மாதாவின் மரியா. அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மரியாவாம். அடையாளத்துக்கு மாதாவின் பட்டம் ஒன்றைச் சேர்ப்பார்களாம். பிறகு கூப்பிடும்போது மரியா போய்விடும், பட்டம் மட்டும் நிற்கும்.

சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றேன். என் பெயரேதான். எனக்கு மேரி நிற்கிறது, மற்றது போகிறது. அவளிடம் சொல்லவில்லை. ஏனோ வெட்கம்.

செப். 13, சனி
லீவு. உடுப்புத் தோய்த்தது. தெருமுனை டெய்ரிக் கடைக்காரர் பை வேண்டுமா என்று கேட்டதைத் தவிர ஒருவரோடும் கதை இல்லை.

படிவம் மேசையில். எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அம்மா மாதாவுக்கு நேர்ந்து வைத்த பெயர் இது. பள்ளிக்கூடத்தில் அழுமூஞ்சி என்று கேலி. மாற்றச் சொல்லி அன்றைக்கே அழுதவள்தானே நான், இப்போது என்ன வந்தது? பேனையை எடுத்தேன், வைத்தேன். கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

செப். 15, திங்கள்
வியாகுல மாதா திருநாள். என் பெயருக்குரிய மாதாவின் நாள், அதனால் என் நாம விழா. எங்கள் வீட்டில் பிறந்தநாளைவிட இதுதான் பெரிது, விடியவே வாழ்த்த ஆட்கள் வருவார்கள். போனைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

தோரஷுக்கும் இன்றுதானே என்று கேக் துண்டு கொண்டு போனேன். மகளும் இருந்தாள். "மரியா தஷ் தோரஷ்" என்று கூப்பிட்டேன். கிழவி திரும்பினார்! என் சட்டையில் இருந்த பெயர் அட்டையில் விரலை வைத்து ஏதோ கேட்டார். மகள் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "மேரி சரி, எந்த மேரி என்று கேட்கிறார்."

ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. சொன்னேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

பின்னேரம் மகனுக்குப் போன். கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன்.

"ஓகே அம்மா, உங்கட விருப்பம். ஏன் திடீரெண்டு?"

"இண்டைக்கு என்ர நாம விழா. வாழ்த்துச் சொல்லு."

"அப்பிடியெண்டா என்ன?"

"முதல்ல வாழ்த்தைச் சொல்லு. பிறகு சொல்லுறன்."

சொன்னான்.