ஆப்பர்சூனிஸ்ட் இல்லை என்றாய்

முந்தாநாள் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘ஆப்பர்சூனிஸ்ட்’ என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பெண், ‘என் அம்மா ஒரு ஆப்பர்சூனிஸ்ட். கிடைத்த வாய்ப்பை அவர் விடுவதே இல்லை’ என்று அழகான ஆங்கிலத்தில் பெருமையாக எழுதியிருந்தாள். எழுத்துப்பிழையோ இலக்கணப்பிழையோ இல்லை, அது பாராட்டும் சொல் இல்லை என்பதைத் தவிர. என் சிவப்புப் பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து முழு மதிப்பெண் போட்டுவிட்டுத் தாள்களைக் கட்டி வைத்தேன். அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் பேசாமல் இது தீராது போலிருக்கிறது.

அந்தச் சொல்லை எனக்குப் புரியவைத்தவள் நீதான், அரியலூர் பஸ் ஸ்டாண்டில். நாம் இருவரும் அங்கிருந்து பெரம்பலூருக்குப் போய்வந்த ஆறு வருஷமும் அந்தக் காலை பஸ்தான் நமக்கு ஊர்வம்பு பேசும் இடம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்த ஒருவரைக் காட்டி, “இவரு கோ-கெட்டர், முந்திப் புடிக்கிற ஆளு” என்றாய். அந்தத் துண்டை எடுத்து மேலே கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தவரை ஆப்பர்சூனிஸ்ட் என்றாய். பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு ஏறி, இடம் கிடைத்ததும் திருப்பிக் கொடுத்த பெண்ணுக்கு, கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறவள், ரிசோர்ஸ்ஃபுல் என்று பெயர் வைத்தாய். மூன்று பேரும் செய்தது சீட் பிடிக்கிற வேலைதானே, எதற்கு மூன்று வார்த்தை என்று கேட்டேன்.

“நமக்குப் புடிச்சவங்க செஞ்சா ரிசோர்ஸ்ஃபுல். புடிக்காதவங்க செஞ்சா ஆப்பர்சூனிஸ்ட். அவ்வளவுதான்டி இங்கிலீஷு.”

சிமென்ட் லாரி கிளப்பிய புழுதியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆறாவது வருஷம் நம் பள்ளியில் துணை முதல்வர் பதவி காலியானது. நீ ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்தாய். நான் ஆறும் ஏழும். அந்தப் பதவி உனக்குத்தான் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. அந்த நேரம் பார்த்து ஜெயங்கொண்டத்தில் உன் அம்மா முந்திரிக்கொல்லையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்கள். நீ விடுப்புக் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். கூடவே ஒரு நோட்டு. ஆங்கிலத்தில் தேறாத மாணவிகளுக்காக நீ யோசித்து வைத்திருந்த மாலை வகுப்புத் திட்டம். பாடப்புத்தகம் வேண்டாம், மருந்து அட்டை, பேங்க் படிவம், பஸ் போர்டு, இவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். தாளாளரிடம் கொடுத்துவிடச் சொன்னாய்.

கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு யார் தயாரித்தது என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசிச் செய்தது என்றேன். பஸ்ஸில் நீ சொல்லச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன், ‘சரிதான்’ என்று தலையாட்டியிருக்கிறேன். அது மட்டும்தான் என் பங்கு. நீ எப்போது திரும்புவாய் என்று கேட்டார். கடிதத்தில் நாள் கணக்கு இல்லை, மூன்று வாரம் என்று என்னிடம் சொல்லியிருந்தாய். அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை, இந்த வருஷமே சிரமம்தான் சார் என்று நான் சொன்னேன். குரலில் வருத்தத்தோடுதான் சொன்னேன். அந்த வருத்தமும் பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் குடைகிறது.

நீ திரும்பி வந்தபோது நான் துணை முதல்வர் அறையில் இருந்தேன். மாலை வகுப்பும் தொடங்கியிருந்தது. தாளாளரைப் பார்த்துவிட்டு வந்து வாழ்த்துச் சொன்னாய். வேறெதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் என்னைப் பற்றிப் பேசியது வராந்தாவில் என் காதில் விழுந்தது. சரியான ஆப்பர்சூனிஸ்ட் என்று சொன்னார். இல்லை, அந்த வார்த்தை அவளுக்குப் பொருந்தாது என்று நீ உடனே மறுத்தாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்காகப் பேசியதற்கு நன்றி சொன்னேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பதில் சொன்னாய்.

“உனக்காகச் சொல்லல. ஆப்பர்சூனிஸ்ட்டுன்னா, தானா வந்த சந்தர்ப்பத்த எடுத்துக்கிறவங்க. நீ அத உண்டாக்கிக்கிட்ட. அதுக்கு வேற வார்த்தை இருக்கு.”

“என்ன வார்த்தை?”

“நீயும் இங்கிலீஷ் டீச்சர்தான. தேடிப் பாரு.”

வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்தேன். திட்டம் போட்டுக் கவிழ்ப்பவர் ஸ்கீமர், ஆட்களை ஆட்டிவைப்பவர் மானிபுலேட்டர் என்று ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றிலும் எனக்குப் பொருந்தாத ஓர் ஓரத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். தமிழில் இதற்கெல்லாம் சந்தர்ப்பவாதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதையும் கட்சிக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டோம். நம் வீட்டுப் பெண்களுக்கு அப்படி ஒரு பெயர் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்த ஜூனில் நீ ஜெயங்கொண்டத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய்விட்டாய். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னாய். நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்கிக் கொடுத்துவிட்டாய்.

நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று தெரிந்தபோது, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் வந்தேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். மெலிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாய். நான் வாயெடுக்கும் முன்னே, மாலை வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேட்டாய். நாற்பதுக்குக் குறையாது என்றேன். “நிறுத்திராத” என்று மட்டும் சொன்னாய். பிறகு உன் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் எதிரில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன். உண்மையில் அவர் இரண்டு முறை வெளியே போனார்.

நீ போன பிறகு பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னைத்தான் பேசச் சொன்னார்கள். பஸ், துண்டு, சீட் எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் அழுதார்கள், கணக்கு டீச்சரும் அழுதார். மாலை வகுப்பு பற்றிச் சொல்லும் இடம் வந்தது. ‘அதில் எனக்குப் பக்கபலமாக இருந்தவள்’ என்றேன். வாயிலிருந்து வந்ததும் உறைத்தது. திருத்தியிருக்கலாம், மைக் கையில்தான் இருந்தது. கீழே இறங்கினால் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு உருக்கமாகப் பேசினீர்கள் என்றார்கள்.

இன்று காலை தாளாளர் வீட்டுக்குப் போனேன். அந்தத் திட்டம் முழுக்க உன்னுடையது, அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை என்றேன். நீ மூன்று வாரத்தில் வருவதாகச் சொன்னதையும், நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பதவியைப் பறித்துக்கொள்வார் என்றுகூட நினைத்தேன். பறித்தால் நிம்மதி என்றும் நினைத்தேன்.

“செத்துப்போன சிநேகிதிக்காகப் பழியத் தன் மேல போட்டுக்கிறீங்களே, எவ்வளவு பெரிய மனசும்மா உங்களுக்கு” என்றார். ஆண்டு விழாவில் இதை எல்லோருக்கும் சொல்லப் போவதாகவும் சொன்னார். மறுத்துப் பேசியிருக்க வேண்டும். “நன்றி சார்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். செருப்பை மாட்டும்போதுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது. அந்த நன்றியைத் திருப்பி வாங்க நாளைக்கு மறுபடி போக வேண்டும்.