வலது பக்கம் பார்க்கும் ஹெலிகாப்டர்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. சாத்தூர் பஸ் தாமதம். சிவகாசி வரை நின்றுகொண்டே பயணம். பிரஸ்ஸில் ஏ.சி. கம்ப்யூட்டருக்குத்தான், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளுக்கு இல்லை.

பிரஸ் முதலாளி புது வேலை கொடுத்தார். ஹெலிகாப்டர் பட்டாசுப் பெட்டியின் பின்பக்கம் சும்மா கிடக்கிறதாம். ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது, யார் கண்டுபிடித்தது என்று பிள்ளைகளுக்கு எட்டு வரி எழுத வேண்டும். ஒன்பதாவது வரி கூடாது. லேபிள் வரைகிறவளுக்கு விஞ்ஞானமும் தெரியும் என்று யார் சொன்னதோ! ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம். இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் 'குழந்தைகள் கையில் கொடுக்காதீர்' மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தால் மாரியக்கா முகம் சரியில்லை. அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில், மருந்துக் குழாயில் துளை போட்டு இறக்கை ஒட்டுகிற ஹெலிகாப்டர் ரூமில் எட்டுப் பெண்கள், அக்காதான் மூத்தவள். இந்த லாட்டில் ஒன்றுகூடப் பறக்கவில்லையாம். தரையிலேயே சுற்றி, மண்ணைக் கிளப்பி, அணைந்துவிடுகிறதாம். கம்பெனி முதலாளி அண்ணாச்சி சனிக்கிழமை வரை கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் பறக்காவிட்டால் ரூமைப் பூட்டிவிடுவார். அப்புறம் தீபாவளி வரை எட்டுப் பேருக்கும் வேலை கிடையாது. பெண்கள் கைத்தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

"பதினோரு வருசமா ஒட்டுதேன். என் கையி தப்புங்காக" என்றாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேகம் ஏமாற்றியது. மழை இல்லை. மதியம் நூலகம். தெரிந்துகொண்டவை:

- இறக்கை தட்டையாக இருந்தால் பறக்காது. கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். சுற்றும்போது காற்றைக் கீழே தள்ளும், காற்று அதை மேலே தள்ளும். அவ்வளவுதான் ரகசியம்.
- பைலட் இறக்கைகளின் சாய்வைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும்.
- இரண்டு கைக்கும் வேலை, இரண்டு காலுக்கும் வேலை. நம் வீட்டுக் காலை நேரம் மாதிரி.
- பால் பாக்கெட் வாங்கணும்.

இறக்கைச் சாய்வு என்று படித்ததும் மூளையில் பல்பு. பெண்கள் இறக்கையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்களோ? உடனே கம்பெனி போர்மேனுக்குப் போன். பாவம், சோதனைத் திடலில் இறக்கையைத் திருப்பி ஒட்டி ஒன்று கொளுத்திப் பார்த்திருக்கிறார். அதே கதை. தரையை விட்டு எழும்பவில்லை.

வீட்டில் சாக்கடைக் குழாய் மரையைக் கையில் வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் வலது பக்கம் திருகினால்தான் இறுகுகிறது. இறக்கையும் அப்படித்தான். திருப்பிப் போட்டாலும் அதன் குணம் மாறாது. அப்படியானால் தப்பு இறக்கையில் இல்லை. போர்மேனுக்குப் போன் செய்ததை அக்காவிடம் சொல்லவில்லை. நானும் அவள் கையைத்தானே முதலில் சந்தேகப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

கரண்ட் இல்லை, ஒரு மணி நேரம். கையால் எழுதினேன்.

வரலாறு: சீனப் பிள்ளைகள் ரொம்பக் காலத்துக்கு முன்பே மூங்கில் குச்சியில் இறக்கை செருகி, உள்ளங்கையில் உருட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு இத்தாலியில் ஓர் ஓவியர் துணியால் பெரிய திருகு வரைந்தார். வரைந்ததோடு சரி. பிரான்சில் ஓர் இயந்திரம் ஆளைத் தூக்கியது, ஆனால் சாயாமல் இருக்க நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்பெயின்காரர் ஒருவர் இறக்கைக்குக் கதவுக் கீல் மாதிரி வைத்து ஆட விட்டார், கவிழ்வது நின்றது. கடைசியில் ருஷ்யாவிலிருந்து அமெரிக்கா போன ஒருவர் மேலே ஒரு பெரிய விசிறி, வாலில் ஒரு சின்ன விசிறி வைத்தார். முதலில் கயிறு கட்டித்தான் பறக்கவிட்டாராம். தலையில் தொப்பியோடு!

எத்தனை பேர் எத்தனை வருடம் தரையிலேயே சுற்றியிருக்கிறார்கள். நம் லாட்டுக்கு மூன்று நாள்தான் ஆகிறது. அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அவுகளுக்கு சனிக்கிழம கெடு இருந்துச்சா?" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதணும்.

வால் விசிறி எதற்கு என்று ஒரு வரி. மேலே விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் வால் விசிறி. நம் பட்டாசுக்கு அது வேண்டாம். குழாயும் இறக்கையும் ஒன்றாகவே சுற்றுகின்றன. துளையில் நெருப்பு ஒரு பக்கம் சீறினால் குழாய் எதிர்ப்பக்கம் நகரும். ஆக, எந்தப் பக்கம் சுற்றும் என்பதைத் தீர்மானிப்பது துளை. இதைப் படமாகப் போட அம்புக்குறி வேண்டும். பிரஸ் சாம்பிள் பலகையிலிருந்து போன வருடத்துக் காலிக் குழாயை எடுத்தேன். துளை வலது ஓரம். குழாயில் சுற்றி ஒட்டுகிற இந்த வருட லேபிளைப் பார்த்தேன். துளை போடும் இடத்தைக் காட்டும் கறுப்புப் புள்ளி இடது ஓரம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தேன்.

ஆடி மாதம் அண்ணாச்சி பிரஸ்ஸுக்கு வந்தார். படத்தில் ஹெலிகாப்டர் இடது பக்கம் பார்க்கிறது, அப்படிப் பார்த்தால் சரக்கு திரும்பி வந்துவிடும், வலது பக்கம் பார்க்கணும் என்றார். இங்கே பாதிப் பேருக்கு அந்த நம்பிக்கை உண்டு. நான் என்ன செய்தேன்? படத்தை மட்டும் திருப்பச் சோம்பல். முழு லேபிளையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரே அழுத்தில் திருப்பினேன். எழுத்துகளை மட்டும் நேராக்கினேன். கடுகளவு புள்ளி. அது நினைவிலேயே இல்லை.

பெண்கள் புள்ளியைப் பார்த்துத்தான் துளை போடுகிறார்கள். துளை இடம் மாற, சுழற்சி மாற, இறக்கை காற்றை மேலே தள்ளுகிறது. பட்டாசு தன்னைத்தானே தரையில் அழுத்திக்கொள்கிறது.

இன்னொன்றும் நினைவு வந்தது. இரண்டு வாரம் முன்னால் சாப்பிடும்போது அக்கா கேட்டாள், புள்ளி இடம் மாறியிருக்கே என்று. போர்மேன் லேபிள்படி போடச் சொன்னாராம். நான் செல்போனிலிருந்து தலை நிமிராமல், லேபிள் சரியாகத்தான் இருக்கும் என்றேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு அண்ணாச்சிகிட்ட நீயே சொல்லு. நான் கூட வாரேன்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

லேசான தூறல். கம்பெனி ஆபீஸ். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் வேலை போய்விடும் என்ற பயம். புத்தகத்தில் ஒன்று படித்திருந்தேன். பறக்கும்போது இன்ஜின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லாக விழாது. கீழே இருந்து வரும் காற்றே இறக்கையைச் சுற்றிவிடும், பைலட் பதறாவிட்டால் இறங்கிவிடலாம். பதறக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன். பதறினேன்.

அண்ணாச்சி முன்னால் பழைய குழாய், புது லேபிள் இரண்டையும் வைத்தேன். தப்பு என்னுடையது, பெண்கள் கை சரி என்றேன். காலிக் குழாய்களை நூலில் தொங்கவிட்டு, நெருப்பு தள்ளுவதுபோல் துளையை விரலால் தள்ளிக் காட்டினேன். ஒன்று இப்படிச் சுற்றியது, ஒன்று அப்படி. அவரும் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார்.

"படத்தத் திருப்பச் சொன்னது நான்லா" என்றார்.

போர்மேன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா புள்ளியைப் பற்றி முதலிலேயே கேட்டதையும் அவரே ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான்.

வழி இருக்கிறது. துளை போட்டு இன்னும் இறக்கை ஒட்டாத குழாய்கள் முக்கால்வாசி அப்படியே கிடக்கின்றன. குழாயை அரைச் சுற்று உருட்டி, மறுபக்கம் இறக்கையை ஒட்டினால் சுழற்சி சரியாகிவிடும். ஏற்கெனவே ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது, உராய்வு ஆபத்து. அவற்றை முறைப்படி அழிப்பார்கள். ஒரே குறை, லேபிள் படம் தலைகீழாக இருக்கும். இதை அக்காதான் யோசித்தாள். நான் காகிதத்தில் அம்புக்குறி போட்டுப் பார்ப்பதற்குள் அவள் கையில் உருட்டிக் காட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

வானம் வெளுத்துவிட்டது. காற்று இல்லை. சோதனைத் திடலில் எட்டுப் பெண்களும் கயிற்றுக்கு இந்தப்பக்கம். லீவு போட்டு நானும். போர்மேன் ஊதுபத்தியை நீட்டித் திரியைத் தொட்டுவிட்டு விலகினார்.

முதல் நொடி மண்ணில் சுற்றியது. செத்தேன் என்று நினைத்தேன். சர்ரென்று எழும்பியது. தலைக்கு மேல், ஆபீஸ் கூரைக்கு மேல். அடுத்தது. அதற்கடுத்தது. பத்தில் பத்து. அக்கா என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

அண்ணாச்சி கொளுத்தாத ஒன்றைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழானதில் படம் மறுபடி இடது பக்கம் பார்க்கிறது! அவரும் கவனித்துவிட்டார்.

"சுத்துற சாமானுக்கு எது இடது, எது வலது. லோடு ஏத்துங்க."

பிறகு அக்கா பக்கம் திரும்பி, கை தப்பு என்று சொன்னது தன் தப்பு என்றார். எல்லார் முன்னாலும்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பஸ்ஸில் உட்கார இடம்! பெட்டிக்கு எழுதியது ஒன்பது வரி ஆகிவிட்டது. பிரஸ் முதலாளி ஒரு வரியை வெட்டினார். தொப்பி போய்விட்டது. போகட்டும்.

புது லேபிள் புரூப் எடுத்தேன். படம் வலது, புள்ளி வலது. மூன்று தடவை சரிபார்த்தாயிற்று. முதலாளி அச்சுப் பிளேட் போடச் சொன்னார். ஒரு கையெழுத்து பாக்கி என்றேன். யாருடையது என்றார். புரூப்பைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கம்பெனி கேட், சாப்பாட்டு நேரம். அக்கா கையைக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டு புரூப்பை வாங்கினாள். காலிக் குழாயில் சுற்றி, புள்ளியில் கட்டைவிரல் நகத்தை வைத்து, உருட்டிப் பார்த்தாள்.

"ம். அச்சடி."