கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நான்கு விரல்

நேற்று மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். பிள்ளைகளின் கட்டுரைகளை இப்போதெல்லாம் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிக்க முடிகிறது. நாற்பதைத் தாண்டினால் வருவதுதான் என்று பள்ளியில் சொன்னார்கள். கடைக்காரர் சீனர். பித்தளை விளிம்பு போட்ட ஒரு குழாய்க் கருவியை என் வலது கண்ணருகே கொண்டுவந்தார். அது புருவத்தை நெருங்கியதும் என் தலை தானாகப் பின்னால் போயிற்று.

கண்ணை மூடாதீர்கள் டீச்சர் என்றார் மலாயில். நான் மூடவில்லையே என்றேன். மூடினீர்கள், நான்தானே எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சிரித்தார்.

மூடவில்லையே என்பது உங்கள் பேச்சு, புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னது. இத்தனை வருடம் கழித்து அது என் வாயிலிருந்து வந்ததும் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மெர்டேக்கா ஆகி நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த வருடம், வனவிலங்கு இலாகாவில் உங்கள் வெள்ளைக்கார அதிகாரி தன் ஊருக்குக் கப்பலேறினார். தோட்டங்களில் புகும் யானைகளைச் சுடும் வேலை உங்கள் தலையில் வந்தது. அவருடைய பெரிய துப்பாக்கியும் வந்தது. அவர் நெடிய மனிதர். நீண்ட கை, நீண்ட கழுத்து. பார்வை மங்கியதால் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி பொருத்தி வைத்திருந்தார். எல்லாம் அவர் உடம்புக்கு அளவெடுத்தது. நீங்கள் என் உயரம்தான் இருப்பீர்கள். துப்பாக்கியின் மரக்கட்டை உங்களுக்கு நீளம். அதன் அடி தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் போய் நின்றது. கண்ணாடியில் யானை தெரிய வேண்டுமானால் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டும். அப்படி நீட்டிய முகத்தோடு நீங்கள் விசையை அழுத்த, துப்பாக்கி உதைத்துப் பின்னால் வர, தொலைநோக்கியின் விளிம்பு புருவத்துக்கு மேலே பிறை போல வெட்டிவிட்டது.

முதல் நாள் கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு காஜா பெராங்கில் இருந்த நம் வீட்டுக்கு வந்தீர்கள். சட்டையைக் கழற்றினால் புஜம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி அம்மாள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டிமார் வழி, எட்டிப் பார்த்தார். தமிழ் அவருக்குப் பூஜைக்கு மட்டும்தான், பேச்செல்லாம் மலாய். டீச்சர் அடித்தால் காயம்கூடக் கோணாமல் விழுகிறது என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் மஞ்சள் அரைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்களும் சிரித்தீர்கள். அன்று சிரிக்க முடிந்தது.

உதை தாங்கட்டும் என்று நான் காக்கித் துணியில் இலவம்பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைத்துக் கட்டையின் அடியில் மாட்டினேன். மெத்தையின் கனத்துக்குக் கட்டை இன்னும் நீண்டது, உங்கள் கழுத்தும் இன்னும் நீண்டது. அதே பிறையின் மேல் இரண்டாம் வெட்டு. தையல் போட்ட டிரெஸ்ஸர் இனி ஒரு வெட்டுக்கு அங்கே தோல் இல்லை என்றாராம்.

அதற்குப் பிறகுதான் கெட்டது தொடங்கியது. காயம் ஆறியது, ஆனால் உங்கள் உடம்பு அதை மறக்கவில்லை. விசையை அழுத்தும் நொடிக்குச் சற்று முன்பே தோள் முன்னால் துள்ளியது, கண் மூடிக்கொண்டது, குண்டு குறிக்கு வைத்த காகிதத்துக்குக் கீழே மண்ணில் போனது. காகிதம் என்றால் பரவாயில்லை. யானை என்றால் அது சாகாது; காயத்தோடு ஓடும். காயம்பட்ட யானை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துக்குள் போகும், யாரை மிதிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இலாகாவில் சொன்னால் உங்களை மேசை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் புக்கிட் பாரு பக்கம் யாரும் போகாத பழைய கல்லுடைப்புக் குழிக்கு இருவரும் போனோம். நீங்கள் திரும்பி நிற்க வேண்டும். நான் துப்பாக்கியில் தோட்டாவைப் போடுவேன். சில சமயம் உயிருள்ளது, சில சமயம் வெடித்துத் தீர்ந்த வெறும் கூடு. எது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குறி பார்க்கும்போது நான் பக்கத்தில் நின்று உங்கள் இமையை மட்டும் பார்ப்பேன். வெறும் கூட்டுக்குச் சத்தம் வராது, உதை வராது. ஆனாலும் உங்கள் உடம்பு அடி வாங்கியதுபோல் துள்ளும்.

"மூடுச்சா?" என்று கேட்டீர்கள், முதல் தடவை.

"மூடுச்சுங்க."

"நான் மூடலையே. நீ சும்மா சொல்ற."

"அப்போ குழாய் ஏன் கீழ போச்சு?"

"டீச்சர் வேலைய இங்க காட்டாத புள்ள."

மறுநாள் சாப்பிடும்போதுதான் சொன்னீர்கள், மூடுகிறவனுக்கு மூடியது தெரியாது என்று. அதனால் நான் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், உங்கள் மனம் நோகும் என்று மாற்றிச் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டீர்கள். சரி என்றேன்.

கட்டையை அறுத்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "சர்க்காரு சாமான் லா, நம்பர் போட்டிருக்கு" என்பீர்கள். மெர்டேக்கா ஆகிவிட்டதே, இப்போது சர்க்கார் யார் என்று கேட்டேன். "ஆனது நமக்குத்தான். கட்டைக்கு இன்னும் ஆகல" என்றீர்கள். மேலே அனுமதி கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. ஒரு நாள் நீங்களாகவே தெங்கேராவில் அலமாரி செய்யும் தச்சரிடம் கொண்டுபோய் இரண்டு விரல் அகலம் அறுத்துக்கொண்டு வந்தீர்கள். அறுத்த துண்டை என் மேசையில் வைத்தீர்கள்.

அதன் பிறகு கட்டை தோள்குழியில் உட்கார்ந்தது. முகத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகாமல் துப்பாக்கியை முகத்துக்குக் கொண்டுவரப் பழகினீர்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரலை வைத்து நானே அளந்து பார்ப்பேன். முன்காலில் பாரம், இடது கையில் இறுக்கம். கன்றிப்போன தழும்பு புஜத்தை விட்டுத் தோளெலும்புக்குக் கீழே வந்துவிட்டது. இமையும் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. சில முறை மூடியது, சில முறை மூடவில்லை. நீங்கள் கேட்டபோதெல்லாம் உள்ளதைச் சொன்னேன்.

அந்த நிலையில்தான் லேடாங் மலை அடிவாரத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன ஒரு பெண்ணை யானை கொன்றிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா என்றேன். "வேற யாரு இருக்கா போக?" என்று மட்டும் சொன்னீர்கள்.

தடம் பார்க்கும் பாக் லோங் உங்களுக்குப் பின்னால் நின்றாராம். யானை மேட்டில், நீங்கள் பள்ளத்தில். மேல்நோக்கிச் சுடும்போதுதான் தொலைநோக்கி புருவத்துக்கு மிக நெருக்கமாக வரும். அதனால்தான் மேட்டைப் பார்த்துச் சுடவே கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. ஒரே குண்டு. யானை விழவில்லை. இறங்கி வந்து உங்களைத் தாக்கிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நான் வந்து சேர்ந்தபோது உங்களுக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே போர்வையை விலக்க வேண்டாம் என்று நர்ஸ் மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். தோள்குழியில், சரியான இடத்தில், புதிதாகக் கன்றிச் சிவந்திருந்தது. புருவத்தைப் பார்த்தேன். பழைய பிறை அப்படியே இருந்தது. புது வெட்டு இல்லை.

உங்கள் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"மூடுச்சா?"

வலிக்கிறது என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. பயந்து சுட்டுவிட்டு, காயம்பட்ட யானையை அந்த லயத்து மக்கள் மேல் ஏவிவிட்டோமா என்பதுதான் உங்களை அரித்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்க. மூடல" என்றேன்.

நீங்கள் தலையை அசைத்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் போய்விட்டீர்கள். யானை ஓடைக்குள் செத்துக் கிடந்ததைப் பிறகுதான் கண்டார்கள். வேறு யாரையும் அது தொடவில்லை. உங்கள் குண்டு வேலை செய்திருந்தது, ஆனால் மெதுவாக.

காரியம் முடிந்ததும் இலாகாவிலிருந்து இருவர் துப்பாக்கியைக் கணக்குப் பார்க்க வந்தார்கள். கட்டை குட்டையாக இருக்கிறதே, அறுத்த துண்டு எங்கே என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அது அவர்கள் கண்ணெதிரே மேசையில், கட்டுரைத் தாள்கள் பறக்காதபடி அவற்றின் மேல் அமர்ந்திருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

பாக் லோங் துக்கம் கேட்க வந்தபோது, சுடும் நேரத்தில் அவர் கண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அந்த நேரத்தில் யாராவது மனிதன் கண்ணைப் பார்ப்பார்களா அம்மா, நான் யானையைப் பார்த்தேன் என்றார்.

பார்த்ததை மட்டும் சொல்வதாக உங்களிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். கடைசித் தடவை மட்டும் பார்க்காததைச் சொன்னேன். தோளையும் நெற்றியையும் வைத்துச் சொன்னேன். அவை இரண்டும் என் பக்கம்தான் பேசின. இமை மூடினாலும் திறந்திருந்தாலும் அங்கே தழும்பு விழுவதில்லை. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் கருவியை இன்னொரு முறை கொண்டுவந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். பித்தளை விளிம்பு புருவத்தைத் தொட்டுவிட்டு விலகியது. முடிந்துவிட்டது என்று சொல்லி அவர் திரும்பி எதையோ குறித்துக்கொண்டார்.

"மூடுச்சா?" என்று கேட்டேன்.

தமிழில் கேட்டுவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.