நாற்பத்தொன்றாம் நம்பர் டோக்கன்

உங்கள் சவரப் பெட்டியைத் துடைத்து வைக்கலாமென்று திறந்தேன். பிளேடு உறைகளுக்கு அடியில் அந்தத் தகர டோக்கன். நாற்பத்தொன்று. அந்தக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் கொடுத்தது. இத்தனை வருஷமாகியும் அந்தப் பயம் என்னை விடவில்லை.

ஆவடியில் உங்களுக்கு வேலை கிடைத்து, நாம் சேக்காட்டுக்குக் குடிவந்த புதிது. ஞாயிறு பூசை முடித்து, சோறாக்கிச் சாப்பிட்டு, மாட்னிக்குப் போனோம். வெள்ளத்தில் பிரிந்துபோகும் ஒரு குடும்பத்தின் படம். அந்தக் கொட்டகையில் பெஞ்சு டிக்கெட்டுக்குப் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம்; நடுவில் இடுப்புயரச் சுவர். சைக்கிளை ஸ்டாண்டில் விட்டதும் வழக்கம்போல் சொன்னீர்கள்: "எதுனா ஆச்சுன்னா சைக்கிளாண்ட வந்து நில்லு. நான் வந்துடுவேன்."

"சினிமாக் கொட்டாய்ல இன்னா ஆவப்போவுது?" என்று சிரித்தேன்.

படத்தில் அந்தத் தாய் கைக்குழந்தையை வெள்ளத்தில் நழுவவிட்ட நேரம், திரைக்குப் பக்கத்தில் குபுகுபுவென்று புகை. "நெருப்பு!" என்று யாரோ கத்தினார்கள். நம் ஸ்டெல்லாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எந்தக் கதவென்றே தெரியாமல் வெளியே வந்து விழுந்தேன். நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

ஒவ்வொருவராக வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே ஓடித் தேடலாமென்றால் பிள்ளையை யாரிடம் விடுவது? கடைசியில் உங்கள் சைக்கிள் ஒன்றுதான் நின்றது. நீங்கள் செத்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். "படத்துல அந்தப் பாப்பா கெடச்சுதாம்மா?" என்று நச்சரித்த பிள்ளைக்கு ஓர் அறை வைத்தேன்.

சட்டையெல்லாம் கரியாக வந்தீர்கள். சுவரேறிக் குதித்து, பெண்கள் பக்கம் பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து தேடியிருக்கிறீர்கள்.

"சைக்கிளாண்ட நிக்கச் சொல்லிட்டு, நீங்க எதுக்கு உள்ள போனீங்க?" என்று அழுதேன்.

"நீ வெளிய வந்துட்டியா இல்லியான்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றீர்கள். டோக்கனைத் திருப்பி வாங்க ஸ்டாண்டில் ஆளில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேதான் உள்ளே போனீர்கள். வெளியே நின்றேன். ஒவ்வொருவராக வந்து தங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் உங்களுடையது மட்டும் கிடந்தது. உங்கள் உடலை வண்டியில் ஏற்றியாயிற்று என்று ஸ்டெல்லா கையைப் பிடித்து இழுத்தும் நான் நகரவில்லை.

டோக்கன் இப்போது என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. எனக்குப் பயமெல்லாம் இதுதான்: அங்கேயும் நீங்கள் ஓரிடத்தில் நில்லாமல், என்னைப் பெஞ்சு பெஞ்சாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.